எந்த ஜெபம் சொல்லணும் அக்கா?

அந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயது இருக்கும். எங்கள் சபையின் உதவிப் பட்டியலில் பெயர் எழுதிக்கொள்ள அம்மாவோடு வந்திருந்தாள். பெயர், வகுப்பு, வீட்டில் எத்தனை பேர், யார் வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். எழுதி முடித்த பிறகும் அவள் நகரவில்லை.

"இங்கே எந்த ஜெபம் சொல்லணும் அக்கா? 'பரமண்டலங்களிலிருக்கிற'வா, 'விண்ணுலகில் இருக்கிற'வா?"

அம்மா சட்டென்று அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டும் ஆண்டவர் கற்பித்த ஒரே ஜெபத்தின் முதல் வார்த்தைகள்தான்.

பிறகு விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். சபை வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் ஜெபம் எங்களுக்கு. மறைக்கல்வியில் சொல்லிக்கொடுக்கும் ஜெபம் கத்தோலிக்கப் பங்குக்கு. அடுத்த தெருவில் இருக்கும் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனால் இரண்டு கையையும் உயர்த்தி அல்லேலூயா சொல்ல வேண்டும். மூன்று இடத்திலும் கிடைப்பதைச் சேர்த்தால்தான் அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைக்க முடியும். அதற்காக மூன்று சபைகளின் பழக்கத்தையும் அவள் மனப்பாடம் செய்திருந்தாள். யாரும் அவளை ஏமாற்றச் சொல்லிக்கொடுக்கவில்லை. பிரிந்து நிற்பது நாங்கள். அதற்கான விலையை ஒரு பிள்ளை கட்டிக்கொண்டிருந்தாள். அன்று அவளிடம், "உனக்கு எது தெரியுமோ அதைச் சொல்லும்மா" என்றேன். எந்த ஜெபமும் சொல்ல வேண்டாம் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

நான் லுத்தரன் சபையைச் சேர்ந்தவள். சபையின் பிள்ளைகள் உதவிக் குழுவுக்குச் செயலாளராக இருந்தேன். அந்தக் குடியிருப்பில் எங்களைப் போலவே கத்தோலிக்கப் பங்கில் ஏழைகளுக்கு உதவும் அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையினரும் பெந்தெகொஸ்தே சபையினரும் ஆளுக்கொரு நோட்டு வைத்திருந்தார்கள். மூன்று நோட்டிலும் ஒரே தெருக்கள்தான். ஒருவர் நோட்டை மற்றவர் பார்த்ததில்லை.

முதலில் நான் செய்தது தவறான வேலை. எல்லாச் சபைத் தலைவர்களுக்கும் கடிதம் எழுதி ஓர் ஐக்கிய ஜெபக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தேன். நல்ல கூட்டம் வந்தது. யோவான் 17-ஆம் அதிகாரத்திலிருந்து, எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று ஆண்டவர் வேண்டிக்கொண்ட பகுதியை வாசித்தோம். ஒவ்வொருவரும் பேசினார்கள். பேசினவர்களில் பாதிப் பேர் ஒற்றுமை என்றால் என்ன என்று விளக்கினார்கள். மீதிப் பேர் அந்த விளக்கத்தை மென்மையாகத் திருத்தினார்கள். கை குலுக்கிக் கலைந்தோம். ஆறு மாதம் ஆகியும் ஒரு பிள்ளைக்குக்கூட அதனால் ஒன்றும் நடக்கவில்லை.

அதன் பிறகுதான் ஒரு மாலை எங்கள் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வின்சென்ட் தே பவுல் சபையின் பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். "ஐயா, உங்கள் பட்டியலையும் எங்கள் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் உடனே சம்மதிக்கவில்லை. வீட்டுக்காரர்கள் நம்பிச் சொன்ன கஷ்டங்கள் அதில் இருக்கின்றன என்றார். சரியான தயக்கம். பெயரும் வயதும் தெருவும் மட்டும் பார்ப்போம், மற்றதைக் காட்ட வேண்டாம் என்று முடிவு செய்து உட்கார்ந்தோம். பெந்தெகொஸ்தே சபையின் பாஸ்டரம்மாவும் மறுவாரம் தங்கள் நோட்டோடு வந்தார்.

மூன்றையும் சேர்த்தால் 112 பெயர். பிள்ளைகளோ 71 பேர்தான். 19 பேர் இரண்டு பட்டியலிலும் 11 பேர் மூன்றிலும் இருந்தார்கள். அந்த 11 பேருக்கும் கிறிஸ்துமஸ் சமயத்தில் மூன்று பள்ளிப் பை வீதம் கிடைத்திருக்கிறது. பள்ளி திறக்கும் மாதத்தில் கட்டணம் கட்ட ஒருவரிடமும் பணம் இல்லை. டிசம்பரில் காணிக்கை குவியும், எல்லாச் சபையும் ஒரே மாதத்தில் கொடுத்துத் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஒரே மேசையில் உட்கார்ந்து பார்க்காமல் இருந்திருந்தால் இது எங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது.

எங்கள் சபையிலேயே எதிர்ப்பு வந்தது. "வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்று வேதம் சொல்கிறதே, பட்டியலைப் பகிரலாமா?" என்று ஒரு மூப்பர் கேட்டார். உண்மையான வேதபக்தியோடு கேட்ட கேள்விதான் அது. எங்கள் ஆயர் பொறுமையாகப் பதில் சொன்னார். மனிதர் பார்த்துப் புகழ வேண்டும் என்று கொடுப்பதைத்தான் அந்த வசனம் தடுக்கிறது. நம் கொடை அந்தப் பிள்ளைக்குப் பயன்பட்டதா என்று பார்ப்பதை அது தடுக்கவில்லை என்றார். கூடவே, 1952-இல் சுவீடனின் லுண்ட் நகரில் பல சபையினர் ஒற்றுமையைப் பற்றிப் பேசக் கூடிய 'விசுவாசமும் ஒழுங்கும்' மாநாடு சபைகள் முன் வைத்த கேள்வியையும் நினைவுபடுத்தினார். ஆழமான நம்பிக்கை வேறுபாடு நம்மைத் தனித்தனியாகச் செயல்படக் கட்டாயப்படுத்துகிற காரியங்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நாம் சேர்ந்தே செயல்பட வேண்டாமா என்பதே அதன் சாரம். பள்ளிக் கட்டணம் கட்டுவதில் என்ன நம்பிக்கை வேறுபாடு இருக்கிறது? இதற்குமேல் எங்கள் கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

கத்தோலிக்கப் பங்கிலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. பங்குத்தந்தை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பரில் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு ஆவணத்தை எடுத்துக் காட்டினாராம். அதன் 12-ஆம் எண்ணில் பசி, வறுமை, எழுத்தறிவின்மை, வீடின்மை ஆகியவற்றைத் தீர்க்க மற்றக் கிறிஸ்தவர்களோடு சேர்ந்து உழைக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே இருக்கிறது. 2016 அக்டோபர் 31 அன்று கத்தோலிக்க உதவி அமைப்பான அனைத்துலகக் காரித்தாஸும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பின் சேவைப் பிரிவும் சுவீடனின் மால்மோ நகரில் சேர்ந்து பணியாற்றக் கையெழுத்திட்டிருக்கின்றன. லுத்தர் காலத்தில் தொடங்கிய ஐந்நூறு ஆண்டுப் பிரிவினையை நினைவுகூர வந்த நாளில் அப்படிச் செய்திருக்கிறார்கள். மேலிடத்தில் வழி திறந்தாயிற்று. திறக்காமல் கிடந்தது எங்கள் தெருவில்தான். இதைச் சொல்லக் காரணம் உண்டு. உங்கள் சபையில் தயக்கம் வந்தால் புதிதாக வாதாட வேண்டாம். ஒவ்வொரு சபைக்கும் அதனதன் சொந்த ஆவணத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. அதைத் தேடிப் படித்துவிட்டுப் போங்கள்.

பட்டியலைச் சேர்த்த பிறகு செய்த காரியம்தான் என்னை மாற்றியது. வின்சென்ட் தே பவுல் சபையினர் வீடுகளைப் பார்க்கப் போகும்போது எப்போதும் இருவராகவே போவார்கள். 1833-இல் பாரிஸில் பிரெடரிக் ஓசானாம் என்ற இளைஞர் தன் நண்பர்களோடு தொடங்கிய காலம் முதல் வீடு தேடிப் போவதுதான் அவர்கள் பணியின் உயிர். அதை நாங்கள் எடுத்துக்கொண்டு ஒரு சிறு மாற்றம் செய்தோம். இருவரும் வெவ்வேறு சபையினராக இருக்க வேண்டும். எனக்குப் பெரும்பாலும் பாஸ்டரம்மாதான் துணை.

அப்படிப் போன ஒரு வீட்டில் பதினோரு வயதுப் பையன். மூன்று பட்டியலிலும் இருந்தவன். மூன்று சபையும் அவனுக்குக் கொடுத்திருக்கிறது. பாடத்தில் பின்தங்குகிறான், படிப்பில் நாட்டமில்லை என்று எங்கள் நோட்டிலேயே நான் எழுதியிருந்தேன். பாஸ்டரம்மா அவனிடம் சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் காட்டி, "இன்னைக்கு என்ன தேதி கண்ணா?" என்று கேட்டார். அவன் எழுந்து போய் மூக்கு அதில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான். அவ்வளவுதான். கண் பரிசோதனை, கண்ணாடி, இரண்டு வாரத்தில் முடிந்துவிட்ட வேலை. வருஷத்துக்கு ஒரு நாள் வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்ததால் எங்களில் யாருமே அவனைப் பார்த்திருக்கவில்லை. கொடுத்திருந்தோம், பார்க்கவில்லை.

தெருத்தெருவாக நடந்ததில் எந்தப் பட்டியலிலும் இல்லாத 23 பிள்ளைகளைக் கண்டோம். நடக்க முடியாத பிள்ளைகள், புதிதாகக் குடிவந்த வீட்டுப் பிள்ளைகள், கிறிஸ்தவர் அல்லாத வீட்டுப் பிள்ளைகள். ஒவ்வொரு சபையும் தன் ஆட்கள் மூலமாகவே பெயர் சேர்த்ததால், யாருக்கும் அறிமுகமில்லாதவர்கள் விடுபட்டுப் போனார்கள். மிகவும் தேவையில் இருந்தவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

பெரிய சோதனை இரண்டாம் வருஷம் வந்தது. சேர்ந்த சபைகளில் ஒன்றைச் சேர்ந்த ஊழியர் ஒருவர் பொதுப் பட்டியலில் இருந்த முகவரிகளை எழுதிக்கொண்டு போய், அந்த வீடுகளையெல்லாம் தங்கள் ஆராதனைக்கு அழைத்திருக்கிறார். உதவி தொடர வேண்டுமானால் வந்தால் நல்லது என்று ஒரு வீட்டில் சொன்னதாகவும் தெரிந்தது. எங்கள் ஆட்களை இழுக்கிறார்கள், இது ஆடு திருட்டு என்று மற்றச் சபைகள் கொதித்தன. என் கோபம் வேறு. அந்த அம்மாவுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. போகாவிட்டால் பிள்ளையின் கட்டணம் நின்றுவிடுமோ என்ற பயம். ஏழைத் தாயின் பயத்தின் மேல் எந்தச் சபையும் கட்டப்படக் கூடாது.

அந்த வாரம் கூட்டணி உடைந்திருக்கும். உடையாமல் காத்தது 2011-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆவணம். பல்சமய உலகில் கிறிஸ்தவ சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. உலகச் சபைகள் மன்றம், வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவை, உலக நற்செய்திக் கூட்டணி ஆகிய மூன்றும் சேர்ந்து வெளியிட்டவை அந்தப் பக்கங்கள். வறுமையையும் தேவையையும் பயன்படுத்திக்கொள்வதற்குக் கிறிஸ்தவப் பணியில் இடமே இல்லை, சேவையில் எந்தவிதமான ஆசைகாட்டலும் கூடாது என்று அதில் சொல்லியிருக்கிறது. வத்திக்கான் மட்டும் சொல்லியிருந்தால் பெந்தெகொஸ்தே பாஸ்டர் ஏற்றிருக்க மாட்டார். உலகச் சபைகள் மன்றம் மட்டும் சொல்லியிருந்தால் எங்களோடு பிறகு சேர்ந்த பாப்டிஸ்ட் சபையினர் யோசித்திருப்பார்கள். மூன்று பேரும் சேர்ந்து சொன்னதால் எல்லாரும் தலை குனிந்து வாசித்தோம். அந்த ஊழியரின் சபைத் தலைவரே அந்த வீட்டுக்குப் போய், எங்கும் வரத் தேவையில்லை, கட்டணம் நிற்காது என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

அதற்குப் பிறகுதான் எழுத்தில் வைத்தோம். உதவி செய்யப் போகும் வேளையில் அழைப்பிதழ், துண்டுப் பிரசுரம், ஆராதனை நேரம் எதுவும் பேசக் கூடாது. வீட்டுக்காரரே கேட்டால், கேட்டதற்குப் பதில் சொல்லலாம். முழுப் பட்டியல் ஒருவர் பொறுப்பில் மட்டும் இருக்கும். வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அன்றைக்குப் போகும் வீட்டின் விவரம் மட்டும். இந்தத் தாளில் கையெழுத்துப் போடாத எவரும், ஆயரானாலும் சரி, பிள்ளைகள் வீட்டுக்குப் போக முடியாது. இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். நம்பிக்கை இருக்கும்போது எழுதுவது சுலபம், உடைந்த பிறகு எழுதுவது வலி.

பண விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே வங்கிக் கணக்கு, மூன்று வெவ்வேறு சபையினரின் கையெழுத்து, மாதம் ஒரு பக்கக் கணக்கு எல்லாச் சபை அறிவிப்புப் பலகையிலும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். எல்லாரும் சமமாகப் போட வேண்டும் என்று வைக்காதீர்கள். எங்களில் சிறிய சபைக்குப் பணம் இல்லை. ஆனால் மாலை வகுப்பு நடத்த வாரத்துக்கு ஐந்து நாளும் இளைஞர்களை அனுப்பினார்கள். பெரிய சபை பணம் தந்ததால் பெரிய குரலும் தனக்கு வேண்டும் என்று நினைக்கத் தொடங்கியபோது, சபைக்கு ஒரு வாக்கு, தலைமை வருஷத்துக்கு ஒருவர் என்று மாற்றினோம். அந்தப் பெரிய சபை எங்களுடையதுதான். விட்டுக்கொடுக்கச் சொல்லி எங்கள் ஆட்களைச் சம்மதிக்க வைப்பதே எனக்குக் கடினமாக இருந்தது.

புகைப்படமும் பேனரும் அதைவிடக் கடினம். கொடுத்தவர்களுக்குப் படம் காட்டினால்தான் அடுத்த வருஷம் கொடுப்பார்கள் என்ற பயம் எல்லாச் சபைக்கும் உண்டு. கை நீட்டி வாங்கும் பிள்ளையின் முகம் எதற்கு? ஒருநாள் அவன் வளர்ந்து அந்தப் படத்தைப் பார்ப்பான். படம் இல்லாமல் கணக்கும், பெயர் சொல்லாத ஒரு பிள்ளையின் முன்னேற்றமும் எழுதி அனுப்பினோம். கொடை முதல் வருஷம் குறைந்தது. மறு வருஷம் திரும்பி வந்தது. கொடுத்தவர்கள் சிலர் வீட்டுப் பார்வைக்குத் தாங்களும் வரலாமா என்று கேட்டார்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சபைகள் தனித்தனியாக இருக்கும்போது ஒரு ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு சபையில் பிள்ளைகளோடு பழகக் கூடாது என்று விலக்கி வைக்கப்பட்டவர் அமைதியாக அடுத்த சபைக்குப் போய், ஞாயிறு பள்ளி ஆசிரியராக நிற்க முடியும். சபை மானம் போய்விடும் என்று முதல் சபை வாய் திறக்காது. எங்களுக்குள் அப்படி ஒருவர் மாலை வகுப்புக்கு வர முன்வந்தபோது, அருட்சகோதரி ஒருவர் தயக்கத்தை விட்டுப் பேசியதால்தான் தடுக்க முடிந்தது. அதன் பிறகு தன்னார்வலர் பட்டியலையும் பொதுவாக்கினோம். புதியவர் எந்தச் சபையிலிருந்து வந்தாலும் முன்பிருந்த சபையின் எழுத்து வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்கக் கூடாது. புகார் வந்தால் சபைத் தலைவரிடம் சொல்லி முடித்துக்கொள்வது கிடையாது. சட்டப்படி சொல்ல வேண்டிய அதிகாரிகளிடம் சொல்லியே தீர வேண்டும். ஐக்கியத்தால் எங்களுக்குக் கிடைத்த நன்மைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். பள்ளிப் பைக்கு முன்னால், கட்டணத்துக்கு முன்னால்.

விண்ணப்பத் தாளில் "சபை" என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தை நிரப்பும்போது தாய்மார்கள் எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், எதைச் சொன்னால் சரி என்று. அடுத்த முறை அச்சடித்தபோது எடுத்துவிட்டோம். பிள்ளைகளை ஜெபம் சொல்லச் சொல்வதும் நின்றது. ஜெபிப்பது எங்கள் வேலை. உதவிக்குப் புறப்படும் முன் நாங்களே கூடி ஜெபித்துக்கொள்கிறோம்.

அதிலும் பழக நாளானது. ஆண்டவர் கற்பித்த ஜெபத்தைச் சேர்ந்து சொன்னால் முதல் வரியிலேயே வார்த்தை முட்டும். கத்தோலிக்கர் 'தந்தை' என்றால் நாங்கள் 'பிதா' என்போம். கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து உருவாக்கிய விவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995-இலேயே வந்துவிட்டாலும், சிறுவயதில் வாயில் ஏறிய ஜெபம் மாறுமா? முடிவும் ஒத்துப்போகாது. தீமையிலிருந்து விடுவித்தருளும் என்றதோடு அவர்கள் ஆமென் சொல்லிவிடுவார்கள். ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்று நாங்கள் தொடர்வோம். முதல் மாதங்களில் அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு இறுகும். ஒரே சொற்களில் சொல்லலாமா என்று பேசிப் பார்த்தோம், யாருக்கும் வாயில் வரவில்லை, விட்டுவிட்டோம். இப்போது பெரியவர் ஆமென் சொல்லாமல் தலை குனிந்து நிற்கிறார். நாங்கள் சொல்லி முடித்த பிறகு எல்லாரும் சேர்ந்து ஆமென் சொல்கிறோம். திருவிருந்தில் நாங்கள் இன்னும் ஒன்றாக அமர்வதில்லை. அது எனக்கு வலிக்கிறது. அந்த வலியை வைத்துக்கொண்டே வேலை செய்கிறோம்.

பெந்தெகொஸ்தே பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் வேறு இடத்துக்கு மாறிப் போய் நான்கு மாதம் ஆகிறது. புதிதாக வந்தவர் நல்லவர்தான், ஆனால் இந்தக் கூட்டு வேலையில் அவருக்கு மனம் ஒப்பவில்லை. மாலை வகுப்பு இளைஞர்கள் யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். மனிதர்களின் நட்பில் நின்றதைச் சபைகளின் ஒப்பந்தமாக மாற்ற நாங்கள் தாமதித்துவிட்டோம். தொடங்குகிறவர்கள் தலைவர் மாறும் நாளையும் நினைத்து எழுதி வையுங்கள்.

வருகிற சனிக்கிழமை பெரியவரும் நானும் அந்தப் புதிய பாஸ்டர் வீட்டுக்குப் போகிறோம். கடிதம் எழுதவில்லை, கூட்டம் கூட்டவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு போகிறோம். கண்ணாடி போட்ட அந்தப் பையன் வீடு அவர் சபைக்குப் பின்புறம்தான். முடிந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு அங்கே போய்வர எண்ணம்.